கணிப்பொறியின் கணக்கேடு

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படித்தோர், அங்கே எரிந்த விளக்குகளுக்கு எழுதப்பட்டிருக்கும் கணக்கைக் கண்டு வியந்திருப்பர். விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் கொண்டுவந்து தரவேண்டிய நெய் ஓர் உழக்கு. அதனை அளக்கும் கருவிக்கு ஆடவல்லான் என்று பெயர். கொடுத்தவர் யார், பொறுப்பேற்றவர் யார், ஒரு நாட் செலவு எவ்வளவு என்பனவெல்லாம் கல்லிலே நிற்கின்றன. எரிகின்ற சுடரை அளப்பார் இல்லை. சுடர் குடிக்கும் நெய்யை அளந்தனர்.

கணிப்பொறிக்கும் இவ்வாறே ஒரு நெய்க்கணக்கு உண்டு. அது செய்யும் வேலையின் அருமையை அளக்கக் கருவி இல்லை. அவ்வேலைக்காக அது எத்தனை நொடி உழைத்தது, எவ்வளவு நினைவகத்தைப் பிடித்து வைத்திருந்தது, எத்தனை எழுத்துக்களைத் தட்டிலிருந்து படித்தது என்பவற்றை அளக்கலாம், அளந்தும் வருகின்றனர். நம் குடியிருப்பில் கணிப்பொறியால் சோறுண்ணாத குடும்பம் இன்று அரிது. ஆயினும் அப்பொறி, இன்னார்க்காக, இன்ன நிரலை, இவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தனக்குத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் ஏடு ஒன்று உண்டென்பதைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. அந்த ஏட்டின் வரலாற்றில் நாம் வாழும் பெங்களூர்க்கும் ஒரு நல்ல பங்கு இருத்தலின், அதனை ஈண்டுச் சொல்லத் துணிந்தேன். நிரல் என்று நான் எழுதுமிடமெல்லாம், பேச்சு வழக்கில் நாம் புரோகிராம் என்கிறோமே, அதனைக் கொள்க.

கணக்கு எழுத வேண்டிய தேவை வறுமையிலிருந்து பிறந்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், தம் கைப்படவே அமைத்த மின்னணுக் கணிப்பொறி 1960-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. 1964-இல் டாட்டா நிறுவனத்திற்கே சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறி வந்து சேர்ந்தது. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் ஆய்வாளர்கள் அதனை நாடினர். இத்துணைப் பெரிய நாட்டில் கணிப்பொறிகளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. ஒவ்வொன்றையும் அந்நியச் செலாவணி கொடுத்து, அரசின் இசைவு பெற்று வரவழைக்க வேண்டும். ஒரு நொடி வீணாயின் அது பொதுச் சொத்து வீணானதாகும். அந்நிலையில் 'உன் நிரல் எவ்வளவு நேரம் எடுத்தது?' என்று கேளாமல் இருக்க முடியுமா?

பெங்களூரின் கதை இதற்கும் முந்தியே தொடங்குகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் விஸ்கான்சினிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வின்சென்ட் ரைட்அவுட் என்பாருடன் சேர்ந்து ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை அமைத்த மாணவருள் ஒருவர் வி. இராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்து, தில்லியில் படித்து, பெங்களூர்க்கு வந்தவர். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. இவர் பின்னர் அமெரிக்காவில் பட்டம் பெற்று, கான்பூர் சென்று, அங்கே கணிப்பொறிக் கல்வியை நாட்டில் வேரூன்றச் செய்தவருள் ஒருவரானார். 1982-இல் மீண்டும் பெங்களூர் வந்து சேர்ந்தார். அதற்குள் இங்கே நடந்தது என்ன?

1970-ஆம் ஆண்டில் அறிவியல் கழகத்தில் கணிப்பொறி மையம் ஒன்று தொடங்கப் பெற்றது. அங்கே நிறுவப் பெற்றது ஐ.பி.எம். 360 வரிசையைச் சார்ந்த 44-ஆம் மாதிரி. அறிவியல் கணக்குகளுக்கென்றே சற்று மாற்றி அமைக்கப்பட்ட பொறி அது. அம்மாதிரியில் பொருத்தக்கூடிய நினைவகத்தின் உச்ச அளவு 256 கிலோபைட். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்தனுப்பும் ஒரு நிழற்படம் அதனுள் அடங்காது. அத்துணைச் சிறிய இடத்தில் ஒரு கழகத்தின் பொறியாளரும் வேதியியலாரும் இயற்பியலாரும் தத்தம் கணக்குகளைப் போட்டுக்கொண்டனர்.

அந்நாளைய முறை, நிரலைத் துளையட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டிக் கொடுப்பது. கட்டின் தலைப்பில் ஓர் அட்டை இருக்கும். வேலையின் பெயர், கொடுத்தவர் பெயர், எந்தக் கணக்கில் எழுதுவது என்னும் எண் ஆகியவை அதில் இருக்கும். கணிப்பொறி அவ்வட்டையைப் படித்தவுடன் ஏட்டில் ஒரு பக்கம் திறந்துவிட்டது என்று கொள்ளலாம். வேலை முடிந்ததும் பக்கம் மூடும். அச்சிட்ட தாளின் கடைசி வரியில் செலவான நேரம் நிற்கும். காற்புள்ளி ஒன்றை விட்டுவிட்டால் நிரல் ஓடாது. ஆயினும் அதனைப் படித்துத் தவறென்று கண்டுபிடித்த நேரம் கணக்கில் ஏறிவிடும்!

இந்த நேரத்தைப் பொறி எவ்வாறு அறிந்தது? இது சுவையான செய்தி. ஐ.பி.எம். 360 வரிசைப் பொறிகளில், நினைவகத்தின் 80-ஆம் இடத்தில் ஓர் எண் இருக்கும். அதனை இடைவெளிக் கடிகாரம் என்பர். மின்கம்பியில் வரும் மாறு மின்னோட்டத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த எண் தானே குறைந்துகொண்டு வரும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கும். நம் நாட்டில் 50 முறை. ஆதலின் அங்கே ஒரு துடிப்புக்கு 5 வீதமும், இங்குள்ளது போன்ற மின்சாரத்தில் ஒரு துடிப்புக்கு 6 வீதமும் குறையுமாறு அமைத்திருந்தனர். எங்கே ஓடினும் நொடிக்கு 300 என்று கணக்கு நேராகிவிடும். கணிப்பொறியின் கடிகாரம் மின்நிலையத்தின் நாடித் துடிப்பையே எண்ணிக்கொண்டிருந்தது. துடிப்பு தளர்ந்தால் கடிகாரமும் தளரும் என்பது இதனால் பெறப்படும்.

ஒருவர் வேலை முடிந்த பின்னரே மற்றவர் வேலை என்றிருந்தவரை, இக்கடிகாரமே போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்டது எதுவோ அதுவே செலவு. சிக்கல் எப்பொழுது வந்தது என்றால், பொறி ஒரே நேரத்தில் பலர் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யக் கற்றுக்கொண்டபொழுது வந்தது. நேரப் பகிர்வு என்பது அம்முறையின் பெயர். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் இதனைச் செய்து காட்டினர். உணவு விடுதியில் ஒரே சமையற்காரர் நாற்பது இலைக்குத் தோசை வார்க்கும்போது, என் தோசைக்கு ஆன நேரம் எவ்வளவு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நான் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தையா, கல்லில் என் மாவு கிடந்த இரண்டு நிமிடத்தையா? இரண்டும் மெய்யே. இருப்பினும் விலை போடுவதற்கு ஒன்றைத்தான் கொள்ள இயலும்.

1980-களின் தொடக்கத்தில் அறிவியல் கழகத்திற்கு டெக் 1090 என்னும் நேரப் பகிர்வுப் பொறி வந்தது. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், இப்பொழுது முனையத்தின் முன் அமர்ந்து தாமே தட்டச்சு செய்தனர். டெக்-10 வரிசையில் வழங்கிய டாப்ஸ்-10 என்னும் இயக்க முறைமை மேற்சொன்ன வினாவுக்கு ஒரு விடை வைத்திருந்தது. நேரம் என்னும் கட்டளையை இட்டால், செயலகம் உமக்காக உழைத்த நேரத்தைக் காட்டும்; அதனோடு கிலோ-கோர்-நொடி என்று மற்றோர் எண்ணையும் காட்டும். ஆயிரம் சொல் கொள்ளும் நினைவகத்தை ஒரு நொடி ஓடி உழைத்துப் பிடித்து வைத்திருந்தால் ஒரு கிலோ-கோர்-நொடி. ஐம்பதாயிரம் சொல் இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு நொடி ஓடின நிரலுக்கு நூறு. ஐயாயிரம் சொல் இடத்தில் இருபது நொடி ஓடினதற்கும் நூறு. இடமும் காலமும் பெருக்கப்பட்டு ஒரே நாணயமாயின. வீட்டு வாடகையை அறையின் அளவாலும் தங்கிய நாளாலும் பெருக்கிப் பார்ப்பது போன்றது இது. நம் குடியிருப்பிலே வாடகைக்கு இருப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

எதனை அளக்கின்றோமோ அதனை மிச்சப்படுத்த மனிதன் கற்றுக்கொள்கிறான். இடத்துக்கு விலை வைத்தால், நிரல் எழுதுவோர் அட்டவணைகளைச் சுருக்கி, வேண்டும்போது மீண்டும் கணக்கிட்டுக்கொள்வர்; நேரம் மிகும். நேரத்துக்கு விலை வைத்தால், கணக்கிட்டவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வர், இடம் மிகும். ஆக, கணக்கேட்டின் வாய்பாட்டை வகுத்தவர் எவரோ, அவரே ஓராயிரம் நிரல்களின் வடிவத்தையும் வகுத்தவராகிறார். ஒரு மையத்தின் கட்டணப் பட்டியலைக் குமாஸ்தா வேலை என்று எண்ணி ஒதுக்குவது பெரும் பிழை என்பது என் கருத்து.

இவ்விடத்தில் ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் டொனால்ட் குனுத் செய்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மக்கள் உண்மையில் எத்தகைய நிரல்களை எழுதுகின்றனர் என்று அறிய விரும்பிய அவரும் அவர் குழுவினரும், கணிப்பொறி மையத்தின் குப்பைக் கூடைகளிலும் தேடி நிரற்படிகளைத் திரட்டினர். 1971-இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவு: ஒரு நிரலின் நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான பகுதியே அதன் ஓட்டநேரத்தில் பாதிக்குமேல் விழுங்கிவிடுகிறது. எழுதியவரைக் கேட்டால் வேறோர் இடத்தைக் காட்டுவார். அளந்து பார்த்தாலன்றி அந்த நாலு பங்கு எது என்று தெரியாது. வீட்டு மின்கட்டணம் மிகுந்தால் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிறோம். தின்பது வெந்நீர்க் கொதிகலன்.

1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அது விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை அரசு நிறுவனமாகிய சி.எம்.சி. ஏற்றது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் அலுவலகம் திறந்து, தனக்கென்று ஒரு செயற்கைக்கோள் இணைப்பையும் பெற்றது. இதற்குப் பின் வந்த வளர்ச்சியை நம்மில் பலர் கண்ணாரக் கண்டவர்கள். அதில் கணக்கேட்டைப் பற்றிய ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. அமெரிக்காவிலுள்ள வாணிகக் கணிப்பொறிகள் பகலில் நெருக்கடியாகவும் இரவில் ஓய்வாகவும் இருந்தன. அவர்களுடைய இரவு நமக்குப் பகல். அங்கே எவரும் தொடாத நேரத்தை இங்கிருந்தே பயன்படுத்த இயன்றது. பொறிநேரம் இவ்வாறு மலிந்தவுடன், விலைச்சீட்டில் நொடி என்னும் அளவை பின்னுக்குச் சென்று, ஆள்-மாதம் என்னும் அளவை முன்னுக்கு வந்தது. பொறி எவ்வளவு உழைத்தது என்று எழுதிய பக்கத்திலே, இன்ன நிரலாளர் எவ்வளவு உழைத்தார் என்று எழுதலாயினர்.

கணக்கேடு வேறொரு வகையில் பெருந்துணையாக நின்றது 2000-ஆம் ஆண்டுச் சிக்கலின்போது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவந்த பழைய நிரல்கள், 99-க்குப் பின் 00 வரும்போது மயங்கிவிடும் என்று அஞ்சி, உலகெங்கும் நிரல்களைத் திருத்தினர். அப்பணியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு, சிறப்பாகப் பெங்களூர், சென்னை, ஐதராபாத் நகரங்களுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாகக் குவிந்துகிடந்த பல்லாயிரம் நிரல்களுள் எவற்றைத் திருத்துவது? எவரும் ஓட்டாத நிரலைத் திருத்திப் பயனென்ன? ஐ.பி.எம். பெரும்பொறிகள் 1960-கள் முதலே எஸ்.எம்.எஃப். என்னும் பெயரில், ஒவ்வொரு வேலைப்படியிலும் எந்த நிரல் ஓடிற்று என்று பதிந்து வந்தன. அப்பதிவுகளைப் புரட்டி, உயிருள்ளவை இவை, செத்தவை இவை என்று பிரித்தறிய முடிந்தது. கட்டணம் வாங்குவதற்கென்று எழுதிய ஏடு, நிரல்களின் குடிக்கணக்காகப் பயன்பட்டது.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மூன்று மாதப் பதிவை மட்டும் புரட்டினால், ஆண்டு முடிவில் ஒருமுறையே ஓடும் வரிக்கணக்கு நிரல் செத்ததாகத் தோன்றும். நம் வீட்டுப் பரணிலிருக்கும் கொலுப் பெட்டியைப் பதினொரு மாதம் கண்காணித்தவன், இப்பெட்டியை எவரும் தொடுவதில்லை, எடுத்தெறிக என்றே எழுதுவான்!

இனி அறிவியல் கழகத்துக்கே மீள்வோம். 1990-இல் கணிப்பொறி மையம் மீத்திறன் கணிப்பொறிக் கல்வி ஆராய்ச்சி மையமாக உருப்பெற்றது. இராஜாராமன் அதன் தலைவராய் 1994 வரை இருந்தார். ஒரே பெரும்பொறியை நம்பாமல், ஒவ்வொரு வகை வேலைக்கும் ஏற்ற பொறிகளைப் பிணையத்தில் கோத்து வைக்கும் அமைப்பை அங்கே நிறுவினர். பயன்படுத்துவோர்க்கு இது வசதி. கணக்கு எழுதுவோர்க்கோ, ஓர் ஏடு பல ஏடுகளாயிற்று. அப்பொறிகளிற் பலவும் யூனிக்ஸ் வழியின. யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஓடி முடியும்போது, அதன் பெயர், ஓட்டியவர், தொடங்கிய நேரம், அது தானாக உழைத்த நேரம், அதன் பொருட்டு இயக்க முறைமை உழைத்த நேரம் ஆகியவற்றைக் கருவே ஒரு சிறு பதிவாக எழுதிவைக்கும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆயினும் உள்ளே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் தம் நிரலை மொழிபெயர்த்துப் பொறிக்கு ஏற்றதாக்கும்போது பெயர் எதுவும் கூறாவிடின், அதற்கு 'ஏ.அவுட்' என்று பொறி தானே பெயரிட்டுவிடும். புயலைக் கணித்தவருடைய நிரலும் ஏ.அவுட், புரதத்தின் மடிப்பை ஆராய்ந்தவருடைய நிரலும் ஏ.அவுட். ஏட்டைப் புரட்டினால், ஊரில் உள்ளோர் பெயரெல்லாம் முருகன் என்று எழுதிய வாக்காளர் பட்டியலைப் போல் இருக்கும்.

எந்த நிரலை மக்கள் உண்மையில் பயன்படுத்துகின்றனர் என்னும் வினாவுக்கு இதனால் விடை கிடைக்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ், டென்னசி மாநிலங்களின் கணிப்பு மையத்தார் 2014-ஐ ஒட்டி எக்ஸால்ட் என்னும் கருவியைச் செய்தது இதற்காகவே. நிரலைப் பொறிக்கேற்பக் கோக்கும்போதே அதனுள் ஓர் அடையாளத்தைப் பொதிந்து, எந்தெந்த நூலகங்களைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் குறித்துக்கொள்ளும் கருவி அது. பெயர் ஏ.அவுட் ஆயினும் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். எவரும் தொடாத நூலகங்களைப் பேணுவதில் வீணாகும் உழைப்பு இதனால் வெளிப்பட்டது.

2015-இல் அறிவியல் கழகத்தில் நிறுவப்பெற்ற சஹஸ்ரடி என்னும் கிரே பொறி, நொடிக்கு ஆயிரம் இலட்சம் கோடிக் கணக்குகளுக்கு மேல் போடவல்லதாய், நாட்டின் முதல் பெட்டாஃபிளாப் பொறிகளுள் ஒன்றாக விளங்கிற்று. 2022 பிப்ரவரியில் வந்த பரம் பிரவேகாவின் உச்சத் திறன் 3.3 பெட்டாஃபிளாப். இத்தகைய பொறியில் வேலை கொடுப்பவர், எத்தனை செயலகம் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரம் கடந்தால் வேலை பாதியில் நிறுத்தப்படும். அதற்கஞ்சி மிகுதியாகக் கேட்பது எல்லா நாட்டாரிடமும் உள்ள வழக்கம் என்று ஆராய்ந்தோர் கூறுவர். மிகுதியாகக் கேட்டவரோ வரிசையில் மிகுதியாகக் காத்திருக்க நேரிடும். துளையட்டைக் காலத்து வறுமை தீர்ந்ததென்று எவர் சொல்வார்? பொறி பல்லாயிரம் மடங்கு பெருத்தது. வரிசை நின்றபடியே நிற்கிறது.

வாணிக உலகிலும் நொடிக்கணக்கு மீண்டும் வந்துவிட்டது. 2006-இல் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறியை மணிக்குப் பத்து அமெரிக்கச் சென்ட் என்று வாடகைக்கு விட்டது. 2017 முதல் நொடிக்கணக்கில் கட்டணம் வாங்கலாயிற்று. பெங்களூரின் அலுவலகங்களில் இப்பொழுது மாதந்தோறும் வரும் மேகக் கட்டணச் சீட்டைக் கண்டு பெருமூச்செறியும் மேலாளர்கள், 1970-இல் அச்சுத்தாளின் கடைசி வரியைப் பார்த்த ஆய்வு மாணவரின் பேரப்பிள்ளைகள் எனலாம்.

ஆயினும் இந்த ஏட்டின் இன்னொரு பக்கத்தை மறைத்தல் தகாது. எந்த நிரல் எவ்வளவு நேரம் ஓடிற்று என்னும் பதிவு, இன்னார் எந்த நிரலை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தார் என்னும் பதிவாக மாறுவதற்கு ஒரு சொல்லைத் திருப்பினால் போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, நம் பிள்ளைகள் சமையலறை மேசையில் அலுவலகம் நடத்தியபோது, உலகெங்கும் பல முதலாளிகள் அத்தகைய கண்காணிப்பு நிரல்களை வாங்கினர். திரையில் எது இருக்கிறது, விசைப்பலகை எத்தனை நிமிடம் சும்மா கிடந்தது என்பவை எண்ணப்பட்டன. பொறி சும்மா இருந்த நேரத்தை வீண் என்று கருதிய பழைய கணக்கு, மனிதன் சும்மா இருந்த நேரத்தையும் அப்படியே கருதிற்று. நிரலாளர் கைகட்டிச் சுவரைப் பார்த்துச் சிந்தித்த கால்மணி நேரம் எந்தப் பத்தியில் ஏறும்? அதற்குப் பத்தியே இல்லை. சுடரை அளக்கமாட்டாமல் நெய்யை அளந்தவர் நெய்யைத்தான் அளக்கிறோம் என்பதை அறிந்திருந்தனர்; இவர்களோ விசைத் தட்டலை எண்ணிவிட்டு உழைப்பை எண்ணிவிட்டதாகக் கொள்கின்றனர்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, பெங்களூர்வாசி. அதன்பின் 2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவருடைய செய்திகளைத் திரட்ட அவர் இசைவு வேண்டும் என்பது அதன் பொதுவிதி. இசைவின்றியே திரட்டத்தக்க சில காரியங்களை ஏழாம் பிரிவு பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் வேலைவாய்ப்பின் பொருட்டுத் திரட்டுவதும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்குத் திரட்டுவதும் இடம் பெற்றுள்ளன. 2025 நவம்பரில் விதிகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதத் தவணை தரப்பட்டது. ஏழாம் பிரிவின் அந்தச் சொற்றொடருக்குள் விசைத் தட்டலின் எண்ணிக்கை அடங்குமா, அடங்காதா என்பது வழக்கு மன்றத்தில் தீர வேண்டியது. பணிக்குச் சேரும் நம் வீட்டு இளைஞர் கையொப்பமிடும் தாள்களில் இதைப் பற்றிய பத்தி பெரும்பாலும் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும். கையொப்பமிடுமுன் அதனையும் ஒருமுறை படித்துக்கொள்க.